அந்தமான் பயணத்தைத் திட்டமிடுவது எப்படி: திரும்பும் தேதியிலிருந்து பின்னோக்கி ஒரு முழுமையான வழிகாட்டி

அந்தமானுக்குக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் விமான டிக்கெட் போடுகிறார்கள், அடுத்து ஓட்டல், கடைசியாகத்தான் தீவுக்குத் தீவு போகும் படகு. பயணம் கெடுவது இந்த வரிசையால்தான். விமானம் ஓரளவு சொன்ன நேரத்துக்கு வந்துவிடும், ஓட்டல் இருந்த இடத்திலேயே இருக்கும். படகு அப்படியில்லை. காற்று கொஞ்சம் கூடினாலும் துறைமுகத்தில் நிறுத்திவிடுவார்கள். 2016 டிசம்பரில் வங்கக் கடலில் உருவான தாழ்வு மண்டலத்தால் ஹேவ்லாக், நீல் தீவுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் நாள்கணக்கில் மாட்டிக்கொண்டார்கள். கடற்படைக் கப்பல்கள் போய்த்தான் கூட்டி வந்தன. அந்த அளவுக்கு அடிக்கடி நடக்காது. ஆனால் ஒரு நாள் படகு ரத்தாவது மழைக்காலத்தில் சாதாரண விஷயம்.

அதனால் இங்கே வேலையைத் தலைகீழாகச் செய்யப்போகிறோம். ஊர் திரும்பும் விமானத்தை முதலில் எழுதி, அதற்கு முன்னால் ஒவ்வொரு நாளாகப் பின்னோக்கி நிரப்ப வேண்டும்.

பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள்

டிக்கெட்டில் ஒரு பெயர், ஆட்டோக்காரர் வாயில் ஒரு பெயர், வரைபடத்தில் இன்னொன்று. 2018 டிசம்பரில் ஹேவ்லாக் தீவு ஸ்வராஜ் த்வீப் ஆனது, நீல் தீவு ஷாஹீத் த்வீப் ஆனது, போர்ட் பிளேருக்கு எதிரே இருக்கும் ராஸ் தீவு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் த்வீப் ஆனது. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேரே ஸ்ரீ விஜயபுரம் என்று மாறியது. ஊர்க்காரர்கள் பேச்சில் இன்னும் பழைய பெயர்தான். இந்தக் கட்டுரையிலும் அதையே வைத்துக்கொள்கிறோம்.

ராஸ் என்ற பெயரில் இரண்டு தீவுகள் இருப்பதையும் கவனியுங்கள். போர்ட் பிளேர் ஜெட்டியிலிருந்து (படகுத்துறை) கண்ணுக்குத் தெரிவது, ஆங்கிலேயர் காலத்துக் கட்டடங்கள் ஆலமர வேருக்குள் சிக்கிக் கிடக்கும் ராஸ். மணல் திட்டால் இணைந்த 'ராஸ் அண்ட் ஸ்மித்' வடக்கே டிக்லிபூர் பக்கம். தரைவழியாகப் போனால் போர்ட் பிளேரிலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல், பேருந்தில் ஒரு பகல் முழுக்க. படத்தில் இரண்டாவதைப் பார்த்துவிட்டு முதலாவதற்கு டிக்கெட் எடுப்பவர்கள் உண்டு.

நிக்கோபார் தீவுகள் தனிக் கதை. பத்து டிகிரிக் கால்வாய்க்குத் தெற்கே இருக்கும் அந்தப் பகுதிக்குப் பழங்குடிப் பகுதி அனுமதி வேண்டும், சுற்றுலாவுக்கென்று போக முடியாது. அந்தமான் பகுதியில் வழக்கமாகப் போகும் தீவுகளுக்கு இந்தியர்களுக்கு அனுமதிச் சீட்டு எதுவும் தேவையில்லை, ஆதார் போன்ற அசல் அடையாள அட்டை போதும். இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் கடவுச்சீட்டில் வருபவர்கள் போர்ட் பிளேர் விமான நிலையத்தில் இறங்கியதுமே குடியேற்ற முகப்பில் பதிவு செய்துகொள்ள வேண்டும். அந்தத் தாளைப் பயணம் முடியும் வரை தொலைக்காதீர்கள், ஓட்டலில் கேட்பார்கள்.

எந்த மாதம்

ஜனவரி கடைசியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை. ஒரே வரியில் பதில் வேண்டுமென்றால் இதுதான். மழை குறைவு, கடல் தட்டையாக இருக்கும், நீருக்கடியில் பார்வை நன்றாக எட்டும்.

தென்மேற்குப் பருவமழை கேரளத்துக்கு முன்பே, மே மூன்றாவது வாரவாக்கில், அந்தமானை எட்டிவிடும். செப்டம்பர் வரை ஓயாது. நம்மூர்ப் பள்ளிக் கோடை விடுமுறையைக் கணக்கிட்டு மே கடைசியில் போகிறவர்கள் சரியாக மழை இறங்கும் வாரத்தில் போய் நிற்கிறார்கள். கோடை விடுமுறையில்தான் முடியும் என்றால் ஏப்ரல் கடைசி வாரத்துக்கு நகர்த்துங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் நடுப்பகுதி வரை இரண்டாவது புயல் பருவம். சென்னையை அடிக்கும் புயல்களில் சில அந்தமான் கடலில்தான் கருக்கொள்கின்றன. டிசம்பர் 20 முதல் ஜனவரி முதல் வாரம் வரை வானிலை பெரும்பாலும் சரியாக இருக்கும், ஆனால் எல்லாமே இரட்டிப்பு விலை, படகில் இடம் கிடையாது.

கடிகாரம் ஒன்று, சூரியன் வேறு

அந்தமானிலும் இந்திய நேரம்தான். ஆனால் போர்ட் பிளேர் இருப்பது கிழக்குத் தீர்க்கரேகை 92.7 டிகிரியில். இந்திய நேரம் கணக்கிடப்படுவது 82.5 டிகிரியை வைத்து. பத்து டிகிரி வித்தியாசம் என்றால் சூரியன் நாற்பது நிமிடம் முந்துகிறது. டிசம்பரில் மாலை ஐந்துக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். ஜூனில்கூட ஐந்தே முக்காலுக்குள் முடிந்தது.

சென்னைப் பழக்கத்தில் ஒன்பது மணிக்கு எழுந்து, பத்தரைக்குக் கிளம்பி, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கடற்கரை என்று திட்டமிட்டால் பாதி நாள் போயே போய்விடும். காலை ஐந்தரை மணிக்கு எழுந்து ஆறுக்கு வெளியே இருங்கள். இரவு ஒன்பதுக்குத் தீவு தூங்கிவிடும், நீங்களும் தூங்கலாம்.

அட்டவணையைக் கடைசி நாளிலிருந்து எழுதுவது

ஒரு தாளை எடுத்துக் கீழிருந்து மேலாக எழுதுங்கள். ஒன்பது பகல், எட்டு இரவு என்று வைத்துக்கொள்வோம். சனிக்கிழமை போய் அடுத்த ஞாயிறு திரும்புகிறோம்.

ஞாயிறு: விமானம். வேறு எதுவும் எழுதாதீர்கள்.

சனி: போர்ட் பிளேர். இது 'இழக்கத்தக்க நாள்'. முந்தைய நாள் படகு ஓடாவிட்டால் இந்த நாள் பலியாகி விமானத்தைக் காப்பாற்றும். எல்லாம் சரியாக நடந்தால் ராஸ் தீவு, ஊருக்குத் தெற்கே சிடியா டாப்பு கடற்கரையில் அந்திப்பொழுது, அல்லது சுண்ணாம்புக் குகை இருக்கும் பாராடாங். முன்பணம் கட்டிய எதையும், பார்க்காமல் வந்தால் மனசு அடித்துக்கொள்ளும் எதையும் இந்த நாளில் வைக்கக் கூடாது.

வெள்ளி: இரண்டாவது தீவிலிருந்து காலைப் படகில் போர்ட் பிளேர். மாலைப் படகு வேண்டாம். காலைப் படகு ரத்தானால் மாலைப் படகு இருக்கிறது. மாலைப் படகு ரத்தானால் அன்றைக்கு அவ்வளவுதான்.

புதன், வியாழன்: நீலில் இரண்டு இரவு.

ஞாயிறு, திங்கள், செவ்வாய்: ஹேவ்லாக்கில் மூன்று இரவு.

சனி: போய்ச் சேரும் நாள். செல்லுலார் சிறை, மாலையில் ஒலி ஒளிக் காட்சி, போர்ட் பிளேரில் தங்கல்.

ஐந்து நாள்தான் விடுமுறை என்றால்? நீலை வெட்டுங்கள். கடைசி இரவு போர்ட் பிளேரை வெட்டாதீர்கள். பயண முகவர்கள் தரும் 'நான்கு இரவு, ஐந்து பகல், மூன்று தீவு' திட்டங்களில் விமான நாளன்று காலையில்தான் தீவிலிருந்து படகு ஏற்றுவார்கள். நல்ல கடலில் அது ஓடிவிடும். ஓடாத நாளில் புது விமான டிக்கெட் செலவு உங்கள் தலையில்.

எந்தத் தீவு முதலில் என்பதற்கு ஊரில் எல்லோரும் சொல்வது ஹேவ்லாக், அப்புறம் நீல். ஜனவரி முதல் ஏப்ரல் வரை அது சரி. மழை, புயல் மாதங்களில் போவதாக இருந்தால் நாங்கள் திருப்பிப் போடச் சொல்வோம்: முதலில் நீல், பிறகு ஹேவ்லாக். போர்ட் பிளேருக்கு ஹேவ்லாக்கிலிருந்து படகுகள் அதிகம், ஒன்று போனாலும் அடுத்ததில் தொற்றிக்கொள்ளலாம்.

விமானமா, கப்பலா

சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டேகால் மணி நேரம். நேரடி விமானங்களில் காலையில் கிளம்புவதைப் பிடித்தால் மதியத்துக்கு முன் இறங்கிவிடலாம், முதல் நாள் முழுதாகக் கையில் இருக்கும். இறங்கிய அன்றே ஹேவ்லாக் படகைப் பிடிக்க நினைப்பவர்கள் விமானம் தரையிறங்கும் நேரத்துக்கும் படகு கிளம்பும் நேரத்துக்கும் நடுவே குறைந்தது மூன்று மணி நேரம் விடுங்கள். விமான நிலையத்திலிருந்து ஜெட்டிக்கு இருபது நிமிடத்தில் போய்விடலாம். நேரத்தைத் தின்பது விமானத் தாமதமும் பெட்டி வரும் நேரமும்தான்.

கப்பல் வேறு ரகம். சென்னைத் துறைமுகத்திலிருந்து 1,190 கிலோமீட்டர், ஏறக்குறைய மூன்று நாள். மாதத்துக்கு மூன்று நான்கு முறைதான் கிளம்பும். தேதியைச் சில நாட்களுக்கு முன்புதான் உறுதியாக அறிவிப்பார்கள், அதுவும் மாறும். பங்க், இரண்டாம் வகுப்பு, முதல் வகுப்பு, டீலக்ஸ் என்று இடங்கள். பங்க் என்பது பெரிய கூடத்தில் மேலும் கீழுமாக வரிசையாகப் படுக்கைகள். விலை விமானத்தில் ஒரு பங்கு. ஆனால் மூன்றாம் நாள் கழிப்பறை எப்படி இருக்கும் என்பதையும் அந்த விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள். பணம் இருந்தால் நான்கு பேர் அறையான முதல் வகுப்பு நல்ல நடுவழி.

கப்பலில் கொண்டுபோக வேண்டியவை: கட்டுச்சாதமாக முதல் நாளுக்குப் புளியோதரை, பிறகு ஊறுகாய், பழம், பிஸ்கட், ஒரு போர்வை, செருப்பு, பூட்டு. கேன்டீனில் சாப்பாடு உண்டு, நேரம் தவறினால் கிடையாது. கரை மறைந்ததும் சிக்னல் போய்விடும்.

போகும்போது கப்பல், வரும்போது விமானம் என்பதே எங்கள் பரிந்துரை. புறப்பாடு தள்ளிப்போனால் உங்கள் வீட்டில்தான் காத்திருப்பீர்கள். திரும்பும்போது தள்ளிப்போனால் ஓட்டல் வாடகை ஏறும், விடுப்பும் கரையும். கப்பலில் போகிறவர்கள் கரையிறங்கும் தேதிக்குப் பிறகு இரண்டு நாளுக்கு எதையும் முன்பதிவு செய்ய வேண்டாம். மொத்தமாகப் பதினைந்து நாள் இல்லாதவர்கள் கப்பலைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

தீவுக்குத் தீவு: படகு

பயணத்தின் அச்சாணி இது, கொஞ்சம் விரிவாகவே பார்த்துவிடுவோம்.

அரசுப் படகு, தனியார் படகு என இரண்டு வகை. அரசுப் படகு ஃபீனிக்ஸ் பே ஜெட்டியிலிருந்து கிளம்பும். ஹேவ்லாக்குக்கு இரண்டரை மணி நேரம். கட்டணம் தனியாரைவிட மிகக் குறைவு, மேல்தளத்தில் வெளிக்காற்றில் நிற்கலாம், சில நாட்களில் டால்பின் கண்ணில்படும். தீவில் வாழ்கிறவர்களின் பேருந்து அதுதான், அதனால் அவர்களுக்கு முன்னுரிமை. வெளியூர்க்காரர்களுக்கு டிக்கெட் சில நாட்கள் முன்பாகத்தான் திறக்கும், சீக்கிரம் தீரும். மொத்தத் திட்டத்தையும் அதன்மேல் கட்டாதீர்கள்.

தனியார் படகுகள் மக்ரூஸ், நாட்டிகா, கிரீன் ஓஷன் போன்றவை. வேகமானவை ஹேவ்லாக்குக்கு ஒன்றரை மணி நேரம், ஹேவ்லாக்கிலிருந்து நீலுக்கு ஒரு மணி நேரத்துக்குள். ஒரு வழிக்குத் தலைக்கு ஆயிரத்துச் சொச்சத்திலிருந்து இரண்டாயிரத்துக்கு மேல் வரை, வகுப்பைப் பொறுத்து. கூடுதல் பணம் கொடுத்து மேல்தள இருக்கை வாங்குவது கடல் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பணம் கொடுத்து வாந்தி வாங்குவது போல. மேலே போகப் போக ஆட்டம் கூடும். கீழ்த்தளத்தில், நடுவிலிருந்து சற்றுப் பின்பக்கம், அதுதான் ஆட்டம் குறைந்த இடம். அது மலிவு வகுப்பிலேயே கிடைக்கும்.

முன்பதிவு செய்யும் வரிசை: தேதி முடிவானதும் முதலில் எல்லாப் படகுகளையும் பாருங்கள். நீங்கள் நினைத்த நாளில், நினைத்த நேரத்தில் மூன்று பயணங்களும் (போர்ட் பிளேர்–ஹேவ்லாக், ஹேவ்லாக்–நீல், நீல்–போர்ட் பிளேர்) கிடைக்கின்றனவா? கிடைத்தால் விமானம், உடனே படகு, அதன்பிறகு ஓட்டல். டிசம்பர், ஜனவரிக்கு இரண்டு மாதம் முன்பே படகு தீர்ந்துவிடும். மற்ற மாதங்களில் ஒரு மாதம் போதும். ஓட்டலை ரத்து செய்யும் வசதியோடு எடுங்கள். படகு மாறினால் ஓட்டலையும் மாற்ற வேண்டியிருக்கும்.

ஜெட்டியில் நடப்பது இது. கிளம்பும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு வாசலில் வரிசை. டிக்கெட்டும் அசல் அடையாள அட்டையும் காட்ட வேண்டும், போனில் இருக்கும் ஜெராக்ஸ் படத்தை வைத்து வாதாட நேரம் இருக்காது. பெட்டி எக்ஸ்ரே இயந்திரத்துக்குள் போய் வரும். பெரிய பெட்டிகளை ஊழியர்கள் வாங்கிப் படகின் முன்தளத்திலோ பின்தளத்திலோ குவித்துவிடுவார்கள், இறங்கும்போது அந்தக் குவியலில் உங்கள் கறுப்பு டிராலியைத் தேடுவதே ஒரு வேலை. கைப்பிடியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடுங்கள். மருந்து, பணம், கேமரா, ஒரு மாற்றுச் சட்டை மடியில் இருக்கட்டும். புறப்படுவதற்கு அரை மணி முன்பே வாசல் மூடப்படும். அதற்குப் பிறகு யார் சொன்னாலும் திறக்காது.

வாந்தி ஏன் வருகிறது என்று புரிந்துகொண்டால் பாதி தப்பிக்கலாம். உள்காது 'ஆடுகிறோம்' என்கிறது, கண்ணுக்குத் தெரியும் இருக்கை, சுவர், போன் எல்லாம் 'அசையவில்லை' என்கின்றன. இந்தச் சண்டைதான் குமட்டல். ஆகவே தொடுவானத்தைப் பாருங்கள், போனைப் பார்க்காதீர்கள். மூடிய ஏசிப் படகில் உப்புத்தண்ணீர் அடித்துக் கண்ணாடி மங்கியிருந்தால் கண்ணை மூடிக்கொள்வது மேல். வெறும் வயிறும் கெடுதல், பூரிக் கிழங்கும் கெடுதல். இரண்டு இட்லி சரி. அவோமின் மாதிரி மாத்திரையைப் படகு ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு போட வேண்டும். குமட்டல் தொடங்கிய பிறகு போட்டால் மாத்திரையும் வெளியே வந்துவிடும். அது தூக்கம் வரவைக்கும், எனவே இறங்கியதும் ஸ்கூட்டர் எடுக்காதீர்கள். வேறு மருந்துகள் சாப்பிடுகிறவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகளுக்கு மருத்துவரைக் கேட்டுக்கொண்டுதான்.

படகு ரத்தானால் நிறுவனமே பணத்தைத் திருப்பும் அல்லது மறுநாள் இடம் தரும். செய்தி வந்ததுமே கவுன்டருக்குப் போகிறவர்களுக்குத்தான் மறுநாள் காலைப் படகு. ஓட்டலில் உட்கார்ந்து குறுஞ்செய்திக்குக் காத்திருப்பவர்கள் அதற்கும் மறுநாள்.

போர்ட் பிளேர்

செல்லுலார் சிறை 1896-ல் தொடங்கி 1906-ல் கட்டி முடிக்கப்பட்டது. நடுக்கோபுரத்திலிருந்து சக்கரத்தின் ஆரக்கால்கள் போல ஏழு சிறகுகள் இருந்தன. இப்போது மூன்றுதான் மிச்சம். ஒரு சிறகின் முகப்பு இன்னொன்றின் முதுகைப் பார்க்கும், கைதிகள் எதிரெதிரே முகம் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக. மேல்மாடிக்கு ஏறிப் பார்த்தால்தான் இது புரியும். இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். ஒலி ஒளிக் காட்சிக்குத் தனி டிக்கெட், சீசனில் நேரில் போனால் கிடைக்காது, முன்பே எடுங்கள்.

வார விடுமுறைகளைச் சரிபார்க்காமல் போய் ஏமாறுவது இங்கே வழக்கம். ராஸ் தீவு புதன்கிழமை மூடல். ஜாலி பாய் தீவும் பாராடாங் சுண்ணாம்புக் குகையும் திங்கட்கிழமை மூடல். ஜாலி பாய் ஆண்டின் பாதியில், மழை முடிந்து அடுத்த மழை வரை, மட்டும்தான் திறந்திருக்கும். மற்ற பாதியில் அதற்குப் பதில் ரெட் ஸ்கின் தீவு. இரண்டும் மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் இருப்பதால் பிளாஸ்டிக் பை, தண்ணீர் பாட்டில் உள்ளே போகாது.

மொழிக் கவலை வேண்டாம். 2011 கணக்கெடுப்பின்படி இந்தத் தீவுக்கூட்டத்தில் வங்காளி, இந்திக்கு அடுத்து அதிகம் பேர் தாய்மொழியாகச் சொன்னது தமிழ்தான், நூற்றுக்குப் பதினைந்து பேர். அபர்டீன் பஜாரில் "அண்ணே, ஜெட்டிக்குப் போகணும்" என்றால் பத்தில் ஒருவராவது தமிழிலேயே பதில் சொல்வார். தோசைக்கும் பஞ்சமில்லை.

ஹேவ்லாக்

ஊர்களைக் கடற்கரை எண்ணால் சொல்வார்கள். படகு நிற்பது ஒன்றாம் எண், கடைத்தெரு மூன்று, தங்கும் விடுதிகள் அதிகம் இருப்பது மூன்றுக்கும் ஐந்துக்கும் இடையில், ராதாநகர் ஏழு. ஐந்தாம் எண் பக்கம் கிழக்குக் கரை, சூரிய உதயம் அறை வாசலிலேயே. ஆனால் நீர் வற்றும்போது நூற்றுக்கணக்கான அடி தூரத்துக்குப் பாறையும் செத்த பவளமுமாகக் கிடக்கும், குளிக்க முடியாது. குளிக்க ராதாநகர். அது மேற்குக் கரை, மணல் நன்றாக இறங்கும், அந்திச் சூரியனும் அங்கேதான். ஜெட்டியிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். இருட்டிய பிறகு திரும்ப ஆட்டோ கிடைப்பது கடினம், வந்த வண்டியையே காத்திருக்கச் சொல்லுங்கள் அல்லது ஸ்கூட்டரில் போங்கள்.

முக்குளிப்புக்கு (ஸ்கூபா டைவிங்) வருகிறவர்கள் கவனிக்க வேண்டியவை. நீச்சல் தெரியாதவர்களும் ஒரு பயிற்சியாளரோடு பன்னிரண்டு மீட்டர் ஆழத்துக்குள் முயன்று பார்க்கலாம், பத்து வயது நிரம்பியிருக்க வேண்டும். உடல்நலப் படிவம் நிரப்பச் சொல்வார்கள். ஆஸ்துமா, இதய நோய், காது அறுவை சிகிச்சை, வலிப்பு இருந்தால் உண்மையை எழுதுங்கள். மறைத்தால் ஆபத்து தண்ணீருக்குள் தெரியும். சளி இருந்தால் அன்று வேண்டாம். காதுக்குள் இருக்கும் காற்றழுத்தத்தை மூக்கைப் பிடித்து ஊதிச் சமன்செய்ய முடியாது, இரண்டு மீட்டரிலேயே காது வலி பிடுங்கும். கரையிலிருந்து நடந்தே இறங்கும் நீமோ ரீஃப் போன்ற இடங்களில் நேரத்தை நிர்ணயிப்பது நீர் ஏற்றம்தான், அதனால் முந்தைய நாள் மாலைதான் சரியான நேரம் சொல்வார்கள். அதற்கு முரண்டு பிடிக்காதீர்கள்.

முக்குளித்த பிறகு உடனே விமானம் ஏறக் கூடாது. உடலில் கரைந்த நைட்ரஜன் வெளியேற நேரம் வேண்டும். ஒரே ஒரு முறை என்றால் பன்னிரண்டு மணி நேரம், பல முறை என்றால் பதினெட்டு. ஒரு முழு நாள் விட்டுவிடுவது எல்லாருக்கும் பாதுகாப்பு. மேலே எழுதிய அட்டவணையில் முக்குளிப்பைத் திங்கட்கிழமை வைத்தால் விமானம் ஞாயிறுதான். பிரச்சினையே இல்லை.

உப்புநீர் முதலைகள் இந்தத் தீவுகளில் உண்மையாகவே இருக்கின்றன. 2010-ல் ஹேவ்லாக்கில் ஒரு வெளிநாட்டுப் பயணி இறந்தார். ஓடை கடலில் கலக்கும் இடம், அலையாத்திக் காட்டு ஓரம், ஆளில்லாக் கடற்கரை, விடியல், அந்தி: இவற்றில் எது இருந்தாலும் தண்ணீருக்குள் போக வேண்டாம். உயிர்காப்பாளர் விசில் ஊதினால் படத்துக்காக இன்னும் ஒரு நிமிடம் நிற்காதீர்கள்.

நீல்

சைக்கிளிலேயே சுற்றிவிடக்கூடிய தீவு. இங்கே எல்லாவற்றையும் கடல் ஏற்றமும் வற்றமும் தீர்மானிக்கின்றன. ஜெட்டிக்குப் பக்கத்தில் பரத்பூரில் கண்ணாடி அடிப் படகும் ஸ்நார்கெலிங்கும் நீர் நிறைந்திருக்கும்போதுதான் நன்றாக இருக்கும். லட்சுமண்பூர் இரண்டாம் கடற்கரையில் இருக்கும் இயற்கைப் பாலத்துக்கு நீர் வற்றினால்தான் நடந்து போக முடியும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஆறு மணி நேரம். ஆக ஒரே பகலில் இரண்டையும் பார்க்கலாம், எது காலை எது மாலை என்பதைக் கடல் சொல்லும். போய்ச் சேரும் நாளில் நேரத்தைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர் மிக அதிகமாக வற்றும், பாலத்துக்கு அதுதான் நல்ல நேரம். வழுக்கும் பவளப்பாறை மேல் நடக்க ரப்பர் அடிச் செருப்பு போதாது, பின்பட்டி உள்ளது வேண்டும். பவளத்தில் வெட்டினால் காயம் எளிதில் ஆறாது.

சீதாபூரில் உதயம், லட்சுமண்பூர் ஒன்றில் அஸ்தமனம். வேறு வேலை இல்லை, அதுதான் இந்தத் தீவின் நன்மை.

பாராடாங் போவதானால்

அதிகாலை மூன்றரைக்குக் கிளம்ப வேண்டும். ஜிர்க்காடாங் சோதனைச் சாவடியில் வண்டிகளை வரிசையில் நிறுத்தி, குறிப்பிட்ட நேரங்களில் மட்டும், போலீஸ் துணையோடு கூட்டமாக அனுப்புவார்கள். முதல் கான்வாய் காலை ஆறு மணிக்கு. எல்லார் பெயரும் அடையாள எண்ணும் எழுதிய படிவத்தை ஓட்டுநர் கொடுப்பார், எனவே முந்தைய இரவே விவரத்தை அவருக்கு அனுப்பிவிடுங்கள். அங்கிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான காட்டுப்பாதை. பிறகு மிடில் ஸ்ட்ரெய்ட்டில் வண்டியை விட்டு, கால்வாயைக் கடந்து, அலையாத்திக் காட்டு நடுவே விசைப்படகில் அரை மணி நேரம், ஒன்றரை கிலோமீட்டர் நடை, குகை. டார்ச் கொண்டுபோங்கள்.

அந்தக் காட்டுப்பாதை ஜாரவா பழங்குடி மக்களின் காப்பகத்துக்குள் போகிறது. வண்டி நிற்கக் கூடாது, முந்தக் கூடாது, கேமரா, போன் எடுக்கக் கூடாது, உணவுப் பொருளைத் தூக்கிப் போடக் கூடாது. 1956-ஆம் ஆண்டுப் பழங்குடிப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் இவற்றுக்குச் சிறை உண்டு. "ஜாரவா தெரிவாங்களா?" என்று கேட்டு ஓட்டுநரை நச்சரிப்பவர்கள் இந்தப் பயணத்தையே விட்டுவிடலாம். குகைக்காக மட்டும் என்றாலும், பத்து மணி நேரத்தில் குகையில் இருக்கப்போவது அரை மணி நேரம் என்பதைக் கணக்கில் எடுங்கள். முதியவர்கள், சின்னக் குழந்தைகளுடன் போகிறவர்களுக்கு அந்த நாளை ராஸ் தீவில் கழிப்பது நல்லது.

வெளியாரை ஏற்காத பழங்குடியினர் வாழும் வட சென்டினல் தீவைச் சுற்றி ஐந்து கடல் மைலுக்குள் யாரும் போகக் கூடாது. "தூரத்திலிருந்து காட்டுகிறேன்" என்று எந்தப் படகுக்காரர் சொன்னாலும் ஏறாதீர்கள்.

பணம், சிக்னல், மருந்து

2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வந்த பிறகு போர்ட் பிளேரிலும் ஹேவ்லாக்கிலும் இணையம் வெகுவாக மேம்பட்டது. அந்தக் கேபிள் தொடும் எட்டுத் தீவுகளில் நீல் இல்லை. அங்கே க்யூஆர் கோடு சுவரில் ஒட்டியிருக்கும், பணம்தான் சில நேரம் போகாது. சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும், கடைக்காரர் அடுத்தவருக்குச் சாப்பாடு போடப் போய்விடுவார். இரண்டு பேருக்கு ஒரு நாளைக்கு இரண்டாயிரம் முதல் மூவாயிரம் ரூபாய் ரொக்கமாகப் போர்ட் பிளேரிலேயே எடுத்துவிடுங்கள், கொஞ்சம் நூறு ரூபாய்த் தாள்களாக. எல்லா டிக்கெட்டையும் ஒரு பிரதி அச்செடுங்கள், வரைபடத்தைப் போனில் முன்பே இறக்கிக்கொள்ளுங்கள்.

பெரிய மருத்துவமனை போர்ட் பிளேரில் மட்டும்தான். தீவுகளில் இருப்பது ஆரம்ப சுகாதார நிலையம். தினசரி மருந்துகளை மூன்று நாள் கூடுதலாக எடுத்துச் செல்லுங்கள். அதோடு ஓஆர்எஸ் பொட்டலம், காயத்துக்குக் கிருமிநாசினி, மணல் ஈக்கடிக்குத் தேங்காய் எண்ணெய். மணல் ஈ கண்ணுக்குத் தெரியாது, கடித்தது மறுநாள்தான் தெரியும், சொறிந்தால் ஒரு வாரம் புண். எண்ணெயைக் காலில் தடவி, ஈர மணலில் நேராக உட்காராமல் துண்டை விரித்துக்கொண்டால் பெரிதும் தப்பலாம்.

வெயிலுக்கு முழுக்கைச் சட்டை, சன்ஸ்கிரீனைவிட நம்பகமானது. குடையைவிட மழைக்கோட்டு. ட்ரோன் வேண்டாம், அனுமதியில்லாமல் பறக்கவிட முடியாது.

கடைசிப் பரிசோதனை

திரும்பும் நாளில் விமான நிலையத்தில் சங்கு, சிப்பி, பவளத் துண்டுகளுக்காகவே பெட்டியைப் பார்ப்பார்கள். கரையில் செத்து ஒதுங்கியது, வெறும் கல் மாதிரி இருந்தது என்றெல்லாம் சொன்னாலும் செல்லாது. பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது. கடையில் வாங்கிய சங்குப் பொருளுக்கு உரிமம் பெற்ற கடையின் ரசீது கையில் இருக்க வேண்டும், பெட்டிக்குள் அல்ல. முந்தைய இரவே எல்லாப் பைகளையும் கொட்டிப் பாருங்கள், குழந்தைகளின் டவுசர் பையையும் சேர்த்து. அகப்படுவது எப்போதும் அங்கேதான்.